பேராக் அரியணையும் வின்ஸ்டெட்டின் கண்ணாடியும்

மலாய் மன்னர்களின் பதவியேற்பு பற்றி ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1940களில் எழுதிய ஆங்கிலக் கட்டுரையை மறுபடியும் படித்தேன். பேராக் சடங்கை அவர் விவரிக்கும் விதம் அருமை. நீராட்டு, 'சிரி' எனப்படும் சிதைந்த சமஸ்கிருத வாழ்த்து, புது சுல்தானின் காதில் மூதாதையின் ரகசியப் பெயரைச் சொல்லும் அதிகாரி, அசையாமல் அமர்ந்திருக்கும் சுல்தான். இதையெல்லாம் அடுக்கி, இஸ்லாமிய மேற்பூச்சுக்கு அடியில் ஓர் இந்துக் கடவுள்-அரசனைக் காட்டுகிறார்.

எனக்கு இடிப்பது இங்கேதான். பதவியேற்றுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'தாபால்'. அது அரபியில் முரசைக் குறிக்கும் 'தப்ல்' என்பதிலிருந்து வந்தது. சுல்தான் அசையாமல் இருக்கும்போது முழங்கும் 'நோபாட்' இசையின் பெயரோ பாரசீகம். இதெல்லாம் மேற்பூச்சா?

'செஜாரா மெலாயு' கதையைப் பாருங்க. பலெம்பாங்கில், புக்கிட் சிகுந்தாங் மலையில் சாங் சபூர்பா தோன்றுகிறார். அவர் முன்னால்தான் 'சிரி' முதலில் ஓதப்படுது. ஆனா அவர் தன்னை யார் வம்சம்னு சொல்றார்? இஸ்கந்தர் சுல்கர்னைன் வம்சம்! வாழ்த்து சமஸ்கிருதம், வாழ்த்தப்படுபவர் இஸ்லாமிய மரபின் அலெக்சாண்டர் வாரிசு. அந்தக் கதை எழுதியவருக்கு இதில் எந்த முரணும் தெரியலை. வின்ஸ்டெட்தான் வெங்காயம் மாதிரி உரிக்கிறார்.

நாமும் அதைத்தான் செய்யறோம். 'நம்முடையது' என்று பட்டியல் போட்டு, மிச்சத்தை விட்டுவிடுகிறோம். நானும் போட்டவன்தான். அந்தப் பட்டியலில் மலாய்க்காரர்கள் எங்கே இருக்காங்க என்று அப்போது கேட்டுக்கொள்ளவே இல்லை.