தாத்தா பெயரை வைத்துத் தாத்தாவைத் தேடுவது

ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதியத் தொடங்கியது. அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் இருக்கும் மூதாதையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பணமும் பொறுமையும் போதும். அந்தப் பக்கம் போய்விட்டால் முக்கியமாக நம்பியிருக்க வேண்டியது சுமார் 900 பாரிஷ்களின், அதாவது திருச்சபை வட்டங்களின், பழைய பதிவேடுகளைத்தான். தேடப்படுகிறவர் பெயர் ஜான் ஸ்மித் என்றோ ஜேம்ஸ் ராபர்ட்சன் என்றோ இருந்தால் ஆள் கிடைக்காமல் போவதில்லை. அளவுக்கு மீறிக் கிடைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து பாரிஷ்களில், இரண்டு மூன்று வருஷங்களுக்குள், நாலு ஜேம்ஸ் ராபர்ட்சன்களுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கும். அதில் நம்மவர் யார்?

இந்த இடத்துக்கு வந்ததும் பெரும்பாலோர் கையில் எடுப்பது பெயரிடும் மரபை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயரே. மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்கு அம்மாவின் பெயர். பெயரன் என்ற சொல்லையே பேரனாக்கிக்கொண்ட நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வியக்க வைப்பது, இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் துணிச்சல்தான்: பேரப்பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிவைத்து, அதிலிருந்து முகம் தெரியாத தாத்தாவைப் பிடிப்பது.

இந்த முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு குடும்பம் வேண்டும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் குடும்பம் அதற்குக் கச்சிதம். அப்பா வில்லியம் பர்னஸ், அம்மா ஆக்னஸ் பிரவுன். 1759-ல் பிறந்த மூத்தவர் ராபர்ட். அப்பாவின் அப்பா பெயர் ராபர்ட். அடுத்தவர் கில்பர்ட், அம்மாவின் அப்பா கில்பர்ட் பிரவுன். மூன்றாம் மகன் வில்லியம், அப்பாவின் பெயர். மூத்த மகள் ஆக்னஸுக்கு அம்மாவின் அம்மாவான ஆக்னஸ் ரெய்னியின் பெயர். இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா இசபெல்லா கீத்தின் பெயர் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வைத்தது அனபெல்லா. இசபெல்லா அதற்கு அடுத்தவளாக, 1771-ல்தான் வருகிறாள். ஐந்து பொருத்தத்தில் நாலு சரி, ஒன்று ஓர் இடம் தள்ளி. ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருந்துவது அபூர்வம்.

ஆனால் இந்த நாலு பொருத்தமும் ஒரே எடை உடையவை அல்ல. ஒரு பாரிஷில் ஐந்து ஆண்களுக்கு ஒருவர் ஜான் என்று வைத்துக்கொள்வோம். நம் ஜேம்ஸின் மூத்த மகன் ஜான். ஆகவே ஜேம்ஸின் அப்பாவும் ஜான் என்கிறது மரபு. கையில் இருக்கும் நாலு ஜேம்ஸ்களைப் புரட்டுகிறோம், ஒருவரின் அப்பா ஜான். கண்டுபிடித்தாயிற்று என்று மூட்டை கட்டத் தோன்றும். நம் ஆள் அந்த நால்வரில் இல்லவே இல்லை என்றாலும், அவர்களில் ஒருவருக்காவது ஜான் என்ற அப்பா இருக்க நூற்றுக்கு ஐம்பத்தொன்பது வாய்ப்பு இருக்கிறது. அதே கணக்கை நூறு பேரில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கும் கில்பர்ட்டுக்குப் போட்டால் வாய்ப்பு நூற்றுக்கு நாலாகச் சுருங்கிவிடும். பர்ன்ஸ் குடும்பத்தில் ராபர்ட் பொருந்தியது பெரிய செய்தி ஆகாது. கில்பர்ட் பொருந்தியதுதான் செய்தி. அபூர்வப் பெயர்க்காரருக்கு இந்த மரபு பலமான சாட்சி, அவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிற ஜான் ஸ்மித்துக்கு அது காலை வாரிவிடுகிறது.

பெயர்கள் வேறு ஒன்றுக்கொன்று இடம் மாறும். பேட்ரிக்தான் பீட்டர், டொனால்ட்தான் டேனியல், ஜேனெட் இன்னொரு பக்கத்தில் ஜெஸ்ஸி. பொருத்தம் பார்க்கிறவருக்கு இது கொண்டாட்டம்.

இன்னொரு குறை, மரபு பிறந்த வரிசையைக் கேட்கிறது என்பது. வரிசையைத் தர வேண்டிய பதிவேடோ ஓட்டை விழுந்தது. 1733-ல் ஒரு கூட்டம் அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்து போனது, 1761-ல் இன்னொன்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் பாரிஷ் ஏட்டில் ஏறவே இல்லை. 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகளுக்கு விலக்கு இருந்தாலும், 1794-ல் வரியை எடுக்கும்வரை எத்தனையோ வீடுகள் பதியாமல் இருந்துவிட்டன. நமக்குத் தெரியும் மூத்தவன் உண்மையில் இரண்டாமவனாக இருக்கலாம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்ததற்கு வைக்கும் வழக்கமும் இருந்ததால், ஒரே வீட்டில் இரண்டு ஜான்கள் வருவார்கள். இங்கேதான் எனக்கு இந்த முறைமேல் உண்மையான வருத்தம். பெயர் பொருந்தினால் அது ஆதாரம்; பொருந்தாவிட்டால், பதியாத ஒரு மூத்த பிள்ளை இருந்து செத்திருக்க வேண்டும் என்பது சமாதானம். தோற்கவே வழியில்லாத பரீட்சையில் தேறுவதற்கு என்ன மதிப்பு?

சரி, தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். எந்த ஏட்டைத் திறப்பது என்று சொல்லும் அளவுக்கு இது நல்ல வழிகாட்டி. தனித்தனிப் பெயராகப் பார்க்காமல் பிள்ளைகளின் மொத்தப் பெயர்க்கொத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பலம் கூடும். முடிவு சொல்ல வேண்டியவை மட்டும் பெயருக்கு வெளியே இருப்பவை.

பதிவின் மற்றச் சொற்களைக் கவனிக்க வேண்டும். பதிவில் வருகிறவர் ஒரு பண்ணையின் பெயரோடு 'இன்' போட்டு எழுதப்பட்டிருந்தால் அங்கே குத்தகைக்காரர்; 'ஆஃப்' என்று இருந்தால் நிலம் அவருடையது. இந்த இரண்டெழுத்து, இரண்டு ஜேம்ஸ்களைச் சில சமயம் ஒரே நிமிஷத்தில் பிரித்துவிடும். ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஏடுகளில் பிறந்த வீட்டுப் பெயரோடே வருவது பெரிய வரம்: ஜான் ஸ்மித்துகள் ஆயிரம் இருக்கலாம், ஆக்னஸ் ரெய்னியை மணந்த ஜான் ஸ்மித்துகள் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். ஞானஸ்நானப் பதிவில் வரும் சாட்சிகளில் பெரும்பாலும் மாமனோ சித்தப்பனோ இருப்பார். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ராபர்ட் பர்ன்ஸின் ஞானஸ்நானத்துக்கு ஜான் டென்னன்ட், ஜேம்ஸ் யங் என்ற இருவர் சாட்சி. பர்னஸ் இல்லை, பிரவுன் இல்லை, கீத் இல்லை. காரணம், அப்பா வந்தேறி. வடகிழக்கே கின்கார்டின்ஷயரிலிருந்து 1748-ல் கிளம்பி, எடின்பரோ வழியாகத் தென்மேற்கே ஏர்ஷயருக்கு வந்து குடியேறியவர். உறவு எவரும் பக்கத்தில் இல்லாத சாட்சி வரிசையே, ஆள் வெளியூர்க்காரர் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கடைசியாக, எவரும் விரும்பாத வேலை: மிச்சமிருக்கும் ஜேம்ஸ்களைச் சாகடிப்பது. ஒவ்வொருவரையும் அவரவர் கல்யாணம், குத்தகை, மரணம் வரைக்கும் பின்தொடர்ந்து, இவர் நம்மவராக இருக்க முடியாது என்று கழிக்க வேண்டும். அடக்கப் பதிவுகள் அரிது என்பதால், சவப்பெட்டிமேல் போர்த்தும் துணிக்குச் சபை வாங்கிய வாடகைக் கணக்குவரை தோண்ட வேண்டியிருக்கும். இந்தக் கழித்தல் வேலையைச் செய்யாத வம்சாவளி எதையும் நான் நம்புவதில்லை.

பர்ன்ஸ் குடும்பத்தையே ஒரு தலைமுறை கீழே இறக்கிப் பார்ப்போம். ராபர்ட்டும் ஜீன் ஆர்மரும் தம்பதி என்பதற்குத் திருச்சபையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்த பதிவைத் தேடிப் பயனில்லை. அது முறைசாராத் திருமணம். 1788 ஆகஸ்டில் மாக்லின் ஊர்ச் சபை மூப்பர்கள் அதை ஒப்புக்கொண்டதாக அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1786-ல் பிறந்த மூத்த மகன் பெயர் ராபர்ட். அடுத்தவர் பிரான்சிஸ் வாலஸ். அதற்கடுத்தவர் வில்லியம் நிகல். மரபை நம்பிக் கணக்குப் போடுகிறவருக்கு அப்பாவழித் தாத்தா ராபர்ட், அம்மாவழித் தாத்தா பிரான்சிஸ், அப்பா வில்லியம் என்று விடை வரும். மூன்றும் தப்பு. அப்பாவழித் தாத்தா வில்லியம், அம்மாவழித் தாத்தா ஜேம்ஸ் ஆர்மர், அப்பா ராபர்ட். போதாக்குறைக்கு, 1786 வாக்கில் குடும்பப் பெயரே பர்னஸிலிருந்து பர்ன்ஸாக எழுத்து மாறியிருந்தது.

அந்த வில்லியம் நிகல் பர்ன்ஸ் பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்து கர்னலாக உயர்ந்தார். அவருடைய மெட்ராஸ் ஆவணங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் தேடத் தொடங்குகிறவர், நிகல் என்பது அம்மாவின் அல்லது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கும் என்றுதான் முதலில் நினைப்பார்; அங்கே அப்படி வைப்பதும் சகஜம். எத்தனை பாரிஷ்களைப் புரட்டினாலும் அந்தக் குடும்பத்தில் ஒரு நிகல் பெண் கிடைக்க மாட்டாள். நிகல், எடின்பரோ உயர்பள்ளியில் பாடம் நடத்திய, ராபர்ட்டின் நண்பர்.