தனித்து நின்றவரும் வென்று நின்றவரும்

நீர் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். கெட்டது நீரல்ல, நீரே என்று அவரை நோக்கிக் கைநீட்டிற்று ஊர். நார்வே நாட்டு நாடகப் பேராசான் ஹென்ரிக் இப்சன் 1882ஆம் ஆண்டு வெளியிட்ட 'மக்கள் பகைவன்' நாடகத்தின் கதை இதுதான். பகுத்தறிவு மன்றங்களிலே படித்தும் நடித்தும் பாராட்டப்படும் நாடகம். உண்மையை உரைத்ததற்காக வேலையை இழந்து, வீட்டை இழந்து, சன்னல்கள் நொறுங்கிய அறையிலே நின்று, தனித்து நிற்பவனே உலகில் வலியவன் என்று டாக்டர் தாமஸ் ஸ்டாக்மன் முழங்கும்போது நம் இளைஞர்தம் கரவொலி கூரையை அதிரச் செய்கிறது. செய்யட்டும்! நாமும் தட்டியவர்கள்தாம்.

எனினும், கரவொலி ஓய்ந்த பின்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த டாக்டர் அந்த ஊர் நகராட்சித் தேர்தலிலே நின்றால் வெல்வாரா? வென்றால்தான் ஆள்வாரா? நாடகக் கலைஞனிடம் இதைக் கேட்பது நியாயமா என்பர் சிலர். நகராட்சியையும் வரியையும் குழாயையும் பொதுக்கூட்டத்தையும் கதைப்பொருளாக்கியவர் இப்சன். அவரிடம் கேளாமல் வேறு எவரிடம் கேட்பது?

ஸ்டாக்மன் அவ்வூரிலே பிறந்தவர். ஆயினும் ஒருவகையில் புறத்தார். வடகோடியிலே வறுமையோடு பல்லாண்டு கிடந்து, மீண்டும் ஊர் வந்து சேர்ந்தவர். அண்ணன் பீட்டரோ நகராட்சித் தலைவர். நீராடு நிலையக் குழுவுக்கும் அவரே தலைவர். நிலையத்திலே தம்பி மருத்துவர். ஊரின் புதுச் செல்வமெல்லாம் அந்த நிலையத்தை நாடிவரும் நோயாளிகளால் வருவது. முந்திய ஆண்டு வந்தவர்களிலே சிலருக்கு டைபாய்டு கண்டது. ஐயுற்ற டாக்டர் நீரைச் சோதனைக்கு அனுப்புகிறார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த நீர், குடிக்கவும் குளிக்கவும் ஆகாத நீர், என்று முடிவு வருகிறது. குழாயை மேட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று தொடக்கத்திலேயே அவர் எச்சரித்தாராம், கேட்பார் இல்லை.

இதுவரை அவர்மீது குற்றம் சொல்ல நமக்கு ஏதுமில்லை. இனித்தான் இருக்கிறது.

மூன்றாம் அங்கத்தை மீண்டும் படியுங்கள், தோழர்களே! நாடகத்தின் உயிர் பொதுக்கூட்டத்திலே இல்லை, அச்சகத்திலே இருக்கிறது. டாக்டரின் கட்டுரை அச்சேற இருக்கிறது. ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் அவர் பக்கம். அச்சக உரிமையாளர் அஸ்லாக்சனும் அவர் பக்கம்; அவரே வீட்டுக்காரர் சங்கத்தின் தலைவர்; எதற்கும் நிதானம் வேண்டும் என்பது அவருடைய தாரக மந்திரம். பெரும்பான்மை என் பின்னால் இருக்கிறது என்று டாக்டருக்கு ஒரே பூரிப்பு! தமக்குத் தீவட்டி ஊர்வலம் முதலியன வேண்டா என்று முன்கூட்டியே தடுக்கும் அளவுக்குப் பூரிப்பு! அப்போது அண்ணன் வருகிறார். அதட்டவில்லை, மிரட்டவில்லை, கணக்குச் சொல்கிறார். குழாயை மாற்றப் பெருந்தொகை ஆகும்; பங்குதாரர் தரமாட்டார்; நகராட்சிதான் கடன் வாங்க வேண்டும்; அந்தக் கடன் வரியாக உங்கள் தலையில்தான் இறங்கும்; இரண்டாண்டு நிலையத்தை மூடவேண்டும். அவ்வளவுதான்! அச்சகத்தார் முகம் மாறுகிறது. ஆசிரியர் முகமும் மாறுகிறது. உண்மை அச்சேறவில்லை.

பீட்டர் சூழ்ச்சிக்காரர் என்று தூற்றுவது எளிது. ஆனால் அவர் கேட்ட கேள்வி பொய்க் கேள்வியா? யார் பணம் தருவது என்பது உள்ளாட்சியிலே முதற்கேள்வி. டாக்டரின் அறிக்கையிலே கிருமி உண்டு, கழிவு உண்டு, கடனுக்கு வழி இல்லை, வரிக்கு வரம்பு இல்லை. ஆலை முதலாளிகளைச் செலவு ஏற்கச் செய்யலாமே என்று ஒரு சொல் இல்லை. அந்த ஆலைகளிலே பெருந்தீங்கு செய்யும் ஆலை அவர் மனைவியின் வளர்ப்புத் தந்தை மார்ட்டன் கீலினுடையது என்பதை நினைவிற் கொள்க. எதிரியின் கையிலே கணக்கு இருக்கிறது. நம்மவர் கையிலே சினம் மட்டும் இருக்கிறது. இந்தச் சண்டையின் முடிவைச் சோதிடரும் சரியாகச் சொல்லிவிடுவார்!

அதே அங்கத்திலே ஒரு வேடிக்கை. அண்ணன் விட்டுச் சென்ற பதவித் தொப்பியைத் தலையிலே வைத்துக்கொண்டு, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, இனி நானே அதிகாரி, உன்னைப் பதவியிலிருந்து நீக்குகிறேன் என்று அச்சகத்திலே உலவுகிறார் டாக்டர். சில நிமிடங்களில் தொப்பியும் போகிறது, தடியும் போகிறது. அவர் நகராட்சித் தலைவராக இருந்தது அந்தச் சில நிமிடங்களே. இப்சன் எழுதிய மிகக் கூர்மையான விமர்சனம் இக்காட்சி என்போம். தம் தலைவனை அவர் முழுவதும் நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது பொதுக்கூட்டம். நீரைப்பற்றிப் பேச டாக்டருக்குத் தடை போடுகிறார்கள். வாய்ப்பூட்டு இட்டது அண்ணனும் அஸ்லாக்சனும் என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் பூட்டு விழுந்ததும் நம் வீரர் செய்வது என்ன? பெரும்பான்மை என்றும் பிழையானது என்கிறார். அறிவுடையோர் சிலர், அறிவிலார் பலர். சிலரே ஆளத் தக்கவர் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உவமை எது தெரியுமா? நாய்! நல்ல வீட்டிலே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த உயர்சாதி நாயின் மூளை வேறு, தெருநாயின் மூளை வேறு என்று ஒரு விளக்கம்!

பிறப்பினால் பெருமை, பிறப்பினால் சிறுமை என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். இந்த உவமையை நார்வேக்காரர் சொன்னால் என்ன, நம்மூர் வைதீகர் சொன்னால் என்ன? நியாயம் கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கீழ்மை என்பது ஏழைக்குரியதன்று, மேல்மட்டத்திலும் அது உண்டு, என் அண்ணனே அதற்குச் சான்று என்றும் டாக்டர் அடுத்து உரைக்கிறார். பிறப்பையல்ல, மனத்தையே அவர் குறித்தார் என்று வாதிடலாம். வாதிடுவோர் வாதிடட்டும். கேட்டவன் காதிலே விழுந்தது நாய் என்ற சொல்தான். இவரே நம் பகைவர் என்று தீர்மானம் நிறைவேறுகிறது; எதிர்த்து வாக்களித்தவன் ஒரு குடிகாரன் மட்டுமே.

பெரும்பான்மை பெரும்பான்மை என்று டாக்டர் சாடுகிறாரே, அந்தப் பெரும்பான்மை யார்? அஸ்லாக்சன் பெருமையடித்துக்கொள்ளும் பெரும்பான்மை வீட்டுக்காரர்களின் பெரும்பான்மை. நாடகம் வெளிவந்த நாளிலே நார்வேயில் சொத்தோ பதவியோ உடைய ஆடவர்க்கே வாக்கு. நாடாளுமன்றத் தேர்தலில் ஆடவர் அனைவர்க்கும் உரிமை வந்தது 1898ல், மகளிர்க்கு 1913ல். டாக்டரின் மகள் பெட்ரா, நாடகத்திலே மிகத் தெளிந்த தலை, பள்ளி ஆசிரியை, அவளுக்கு வாக்கில்லை. ஆலையிலே தோல் உரிக்கும் கூலிக்கு வாக்கில்லை. நோயுற்றவர்களோ வெளியூரிலிருந்து வந்து குளித்துப் போகிறவர்கள்; அவர்களுக்கும் இவ்வூரிலே வாக்கில்லை. துன்பம் ஓரிடத்தில், வாக்கு வேறோரிடத்தில்! மக்களே கேட்கப்படாத ஊரிலே மக்கள் தோற்றுவிட்டார்கள் என்று தீர்ப்புரைப்பது எவ்வாறு பொருந்தும்?

இப்சனின் சினத்துக்குக் காரணம் உண்டு. 1881ல் வந்த 'ஆவிகள்' நாடகத்தைப் பழமைவாதிகள் மட்டுமல்ல, முற்போக்கு பேசிய இதழ்களும் தூற்றின. அந்தக் காயம் ஆறாமுன் எழுதப்பட்டது இது. மேலும், 1864ல் நாட்டை விட்டவர் 1891 வரையில் பெரும்பாலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலுமே வாழ்ந்தார். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு ஊரின் நோய் தெரியும். வார்டின் கணக்கு தெரியாது.

இனிப் புறத்தார் ஒருவர் வென்ற கதையைக் காண்போம். ஜோசப் சேம்பர்லின் 1836ல் லண்டனிலே பிறந்தவர். பதினெட்டாம் வயதிலே, 1854ல், திருகாணித் தொழிலைக் கவனிக்கப் பர்மிங்காம் நகரத்துக்கு அனுப்பப்பட்டவர். அரச மதமான ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேராதவர், யூனிட்டேரியன் பிரிவினர். ஊரும் வேறு, மதமும் வேறு! 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்நகரிலே பலர் சாக்கடை ஊறிய கிணறுகளை நம்பியிருந்தனர். காசை முடிச்சிலிருந்து அவிழ்க்காமையே நல்லாட்சி என்று நினைத்த சிக்கனக் கூட்டம் நகர்மன்றத்தைப் பல காலம் பிடித்திருந்தது. பீட்டர்கள் அங்கேயும் உண்டு!

சேம்பர்லின் 1869ல் நகர்மன்ற உறுப்பினரானார், 1873ல் மேயரானார், அடுத்த ஈராண்டும் மீண்டும் அவரே. கிணற்று நீர் நஞ்சு என்று தொடங்கவில்லை அவர். முதலில் எரிவாயு! தனியார் கம்பெனிகள் இரண்டையும் நகராட்சிக்கு வாங்கச் செய்தார். ஏன்? எரிவாயுவில் இலாபம் வரும். அந்த இலாபம் வரிச்சுமையைத் தாங்கும். பின்னர்த்தான் தண்ணீர். 1875ல் 13 லட்சத்து 50 ஆயிரம் பவுன் விலையிலே நீர்க்கம்பெனி நகராட்சி உடைமையாயிற்று. தண்ணீரிலே இலாபம் தேடக் கூடாது, அது உயிர்ப்பொருள் என்றார். அஸ்லாக்சனின் கேள்விக்கு விடையோடு வந்தவர் இவர். விடை இருந்ததால் அஸ்லாக்சன்களும் கை தூக்கினார்கள்.

இவர் ஒருவராலே ஆனதன்று இது. ஜார்ஜ் டாசன் என்ற சமயப் பேச்சாளர், அவரும் வெளியூரார், 1844 முதல் அந்நகரிலே நகராட்சிப் பணியே அறப்பணி என்று பேசிப்பேசி நிலத்தை உழுதிருந்தார். (பிரசங்க மேடையிலிருந்து சாக்கடை பேசிய அந்த ஒருவரைப் பாராட்ட நமக்குக் கூச்சமில்லை!) லிபரல் கட்சியின் வார்டுக் குழுக்கள் தெருத்தெருவாக அமைக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வாக்குரிமையை விரித்தது. வரி செலுத்தும் கணவனற்ற பெண்களும் வாக்காளராயினர். ஊரின் வாயில் அகன்றபோது புறத்தார் உள்ளே நுழைந்தார். வாயில் மூடியிருந்தபோது ஸ்டாக்மன் சுவரிலே முட்டிக்கொண்டார்.

ஈரோட்டு நகராட்சித் தலைவராயிருந்து குழாயிலே காவிரி நீர் தந்த பெரியாரை ஏன் இங்கே காட்டவில்லை என்று தோழர்கள் கேட்கலாம். அவர் அவ்வூர்ப் பெருவணிகர் வீட்டுப் பிள்ளை, புறத்தார் அல்லர். 1919ல் அந்த நாற்காலியை உதறிவிட்டு வெளியே வந்தவர் அவர். அது வேறு கதை.

சேம்பர்லினைத் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. சேரிகளை இடித்து அகன்ற வீதி அமைத்தார். இடிபட்ட குடிசைகளிலே வாழ்ந்தவர்க்குப் புதுவீடு கிடைத்தது அரிது. கடைகள் எழுந்தன; ஏழைகள் அடுத்த சந்துக்குள் நெருக்கப்பட்டனர். 1876ல் மேயர் பதவியை விட்டு நாடாளுமன்றம் சென்றவர் பிற்காலத்திலே குடியேற்ற நாட்டு அமைச்சராகி ஏகாதிபத்தியத்தின் குரலானதையும் நாம் அறிவோம். வார்டுதோறும் கட்டிய இயந்திரம் எதற்கும் பயன்படும் என்பதற்கு அவரே சான்று. ஆனால் குழாய்கள் நகராட்சியிடமே இருந்தன. அவர் போனபின்னும் நீர் ஓடிற்று.

இந்த ஒப்பீட்டோடு முடிக்கலாமென்றால் சத்யஜித் ரே விடமாட்டேன் என்கிறார். 1989ல் இதே நாடகத்தை வங்கத்து ஊராக்கி, 'கணசத்ரு' என்று படம் எடுத்தார். அங்கே கெட்டது நீராடு நிலையத்து நீரன்று, கோயில் தீர்த்தம்! நோயுறுவோர் வெளியூரார் மட்டுமல்லர், உள்ளூர் மக்களே. துன்பமும் வாக்கும் ஒரே இடத்திலே! இருந்தும் டாக்டர் தோற்கிறார். துளசியும் கங்கை நீரும் கலந்த தீர்த்தம் கெடாது என்ற நம்பிக்கை வரிக்கணக்கைவிட வலிய பூட்டாகிறது. கூட்டத்திலே நகராட்சித் தலைவரான தம்பி கேட்பது நீரைப்பற்றியன்று; நீர் இந்துவா, இந்தக் கோயிலுக்குள் எப்போதேனும் வந்ததுண்டா என்பதே. ஒரே கேள்வியில் பிறந்த ஊரிலேயே டாக்டர் புறத்தாராகிவிடுகிறார். எரிவாயு இலாபம் காட்டி அவிழ்க்கக்கூடிய முடிச்சா இது? சேம்பர்லினின் கணக்குப் புத்தகத்திலே இதற்குப் பக்கம் இல்லை. டாசன் போன்றோர் முப்பதாண்டு உழுத உழவுதான் இங்கே முன்தேவை.

இறுதியிலே நாடகக் குழு இளைஞர் டாக்டர் பெயர் சொல்லி முழங்கி வருகிறார்கள். அவர் முகம் மலர்கிறது. இப்சன் தனிமையிலே விட்டவரை ரே தோழமையிலே சேர்க்கிறார். நமக்கு உவப்பான மாற்றம். ஆனாலும் முழக்கம் வாக்கன்று. மறுநாள் காலையிலும் தம்பிதான் நகராட்சித் தலைவர். தீர்த்தமும் வழக்கம்போல் வழங்கப்படும்.

மீண்டும் ஸ்டாக்மன் வீட்டுக்கு வருவோம். தனித்து நிற்பவனே வலியவன் என்ற முழக்கத்திலே மயங்கி, அதற்குச் சற்று முன்னால் அவர் சொல்வதை நாம் கேளாது விடுகிறோம். ஊரை விட்டுப் போகமாட்டாராம். பள்ளிக்கு வராதீர் என்று அனுப்பப்பட்ட தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துவாராம். இருவர் போதாது, பன்னிருவராவது வேண்டும், தெருவிலே திரியும் கந்தல் சிறுவர்களை அழைத்து வாருங்கள் என்கிறார். முந்திய நாள் தெருநாய் என்றவர் இன்று தெருப்பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்! தேர்தல் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அவருக்கே அது தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளின் வயதை இப்சன் எழுதி வைத்திருக்கிறார்: மூத்தவன் எய்லிஃபுக்கு 13, இளையவன் மார்ட்டனுக்கு 10. நார்வேயிலே அந்நாளில் வாக்களிக்கும் வயது 25. ஆடவர் அனைவர்க்கும் வாக்கு வந்த 1898ஆம் ஆண்டிலே மூத்தவனுக்கு 29, இளையவனுக்கு 26. உடன் படித்த கந்தல் சிறுவர்க்கும் ஏறத்தாழ அதே வயது இருந்திருக்கும்.