வேங்கடம்: எல்லைக்கோடா, வாழ்நிலமா?

முன்னுரை

புவியியல் பயிலும் மாணவர் முதற்கண் அறிவது இயற்கைப் புவியியல், மானிடப் புவியியல் என்னும் பாகுபாடாகும். மலை, ஆறு, மழை முதலியன முன்னதன்பாற்படும். மக்கள், தொழில், மொழி, எல்லை முதலியன பின்னதன்பாற்படும். தொல்காப்பியம் கூறும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பவற்றை இப்பாகுபாட்டோடு பொருத்தி, நிலமே வாழ்வைத் தீர்மானிக்கிறது என முடிவு காண்பது தமிழ் வகுப்பறைகளில் காணப்படும் வழக்கம். இம்முடிவு பொருந்துமா என்பதை வேங்கடத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையும் பாலையும்

திருப்பதியை அடுத்த திருமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சேஷாசலப் பகுதியைச் சார்ந்தது. நிலவகையால் அது குறிஞ்சி. ஆயினும் மாமூலனார் அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் வேங்கடத்தை அமைக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இதற்கு விளக்கமாகக் காட்டப்படலாம். ஆனால் அகம் 211ஆம் பாடலில் வரும் வேங்கடம் குளிர்ந்த சோலைகளை உடையது. களிறு உராயுந்தோறும் மராமரத்தின் வெண்பூக்கள் ஆலங்கட்டிபோல் உதிர்ந்து, உழவரின் நெல்விதைபோலப் பாறைமீது உலர்கின்றன. இங்கு நிலம் திரியவில்லை; தலைவனின் பிரிவே பாடலைப் பாலையாக்குகிறது. எனவே திணையைத் தீர்மானிப்பது உரிப்பொருளேயன்றி நிலம் மட்டுமன்று.

எல்லையும் மக்களும்

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறும். அதனை இன்றைய நிலப்படத்தின் கோடாகக் கொள்வது பிழை. அகம் 61ஆம் பாடலில் வேங்கடம் கள்வர் கோமான் புல்லிக்கு உரியது, விழாக்களால் சிறப்புற்றது, யானைக்கோடும் கள்ளும் நெல்லும் பண்டமாற்றில் இடம்பெறுவது. வேற்றுமொழி வழங்கும் நாடு வேங்கடத்துக்கு அப்பால் உள்ளது என்பதே 211ஆம் பாடலின் கூற்று. ஆகவே சங்கப் புலவர் கண்ட எல்லை, மக்கள் வாழ்ந்து வழங்கிய ஒரு நிலப்பகுதியாகும்.

நிர்வாக எல்லையோ வேறு தன்மையது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்துள் அடங்கியது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை அடுத்து, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மலை நின்ற இடத்தில் நிற்க, கோடுகள் நான்கு முறை மாறியுள்ளன. பாயிரத்தை அரசியல் உரிமைக்குச் சான்றாக்கியது அக்காலத்தின் தேவை. அவ்வரசியல் பொருளையே பாயிரத்தின் பொருளாக மாணவர்க்குக் கற்பிப்பது ஆய்வாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, திணைக் கோட்பாடு நிலத்தையும் மாந்தரையும் பிரித்தறியாது உறவாகக் காண்பது. அதனை நிலவகைப் பட்டியலாகச் சுருக்கலாகாது. மற்றொன்று, எல்லை என்பது கோடு மட்டுமன்று, வாழ்நிலமும் ஆகும். வேங்கடத்தைக் கோடாகவே படிப்பின், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இல்லத்தில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு பயிலும் மாணவர் தமிழுக்குப் புறத்தவராகிவிடுவர். வாழ்நிலமாகப் படிப்பின், அவர்தம் இருமொழி வாழ்வே அப்பாடல்களுக்கு உரையாக அமையும்.