கம்பி இழுப்பவருக்கு ஒரு பட்டம்

1994-இல் நியூயார்க் வட்டாரத் தொலைபேசி நிறுவனமான நைனெக்ஸும் ஊழியர் சங்கமும் பேசி முடித்த ஒப்பந்தத்தில், சம்பளத்தோடு படிப்பும் ஓர் அம்சமாக இடம்பெற்றது. கம்பத்தில் ஏறிக் கம்பி இழுப்பவர் வாரத்தில் ஒருநாள் சமுதாயக் கல்லூரிக்குப் போகலாம். அன்றைக்கும் சம்பளம் உண்டு. கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு. முடிவில், தொலைத்தொடர்புத் தொழில்நுட்பத்தில் அசோசியேட் பட்டம். ‘நெக்ஸ்ட் ஸ்டெப்’ என்ற அந்தத் திட்டம், நைனெக்ஸ் பெல் அட்லாண்டிக்கில் கலந்து, பின்னர் வெரைசான் ஆன பிறகும் தொடர்ந்தது.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியவை. ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில்தான். நான்காண்டு அரசுக் கல்லூரியில் 11,000-ஐத் தாண்டும். ஆனால் நெக்ஸ்ட் ஸ்டெப்பின் வலு மலிவில் இல்லை. மழை பெய்தால் எந்தத் தெருவில் இணைப்பு இரையும் என்பது அந்த மாணவருக்கு முன்பே தெரியும். ஏன் இரைகிறது என்பதை வகுப்பு சொன்னது. தாமிரக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்த காலத்தில் பலரைத் தொழிலில் நிலைக்க வைத்தது அனுபவமும் பாடமும் கலந்த இந்தச் சேர்க்கைதான். குறை, வாசல் குறுகியது: ஏற்கெனவே அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு மட்டுமே அது திறந்தது.

இப்போதைய போக்கு வேறு. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் அதிவேக இணைய விரிவாக்கத்துக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கியதும் ஆள் தேவை கூடியது. ஃபைபர் பிராட்பேண்ட் சங்கம் வகுத்த ‘ஆப்டிக் பாத்’ பயிற்சியின் வகுப்பும் செய்முறையும் சேர்த்து 144 மணி நேரம். வட கரோலைனாவின் வில்சன் சமுதாயக் கல்லூரி அதை முதலில் ஏற்றது. அசோசியேட் பட்டத்துக்காக இரண்டாண்டு காத்திருக்க வசதியில்லாதவருக்கு இது பெரிய உதவி. அதைக் குறைத்துப் பேசுவது வயிறு நிறைந்தவர் பேச்சு.

ஆனாலும் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் பாதி வேலையைத் தானே செய்துவிடும். இழையில் ஒளி எங்கே இழக்கப்படுகிறது என்று அளக்கும் ஓடிடிஆர் கருவி காட்டும் வரைகோட்டில் விழும் சரிவு மோசமான ஒட்டா, மடங்கிய இழையா என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில்காரர் தெரிகிறார். ஒளி இழையில் எப்படிப் போகிறது என்ற பாடத்தைச் சுருக்கினால் முதலில் அடிபடுவது அந்தத் திறன். கேபிள் பதிக்கும் வேலையும் என்றைக்கும் இதே அளவில் இருக்காது.

நெட்வொர்க் பக்கம் போகிறவருக்கு வேறு சிக்கல். நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ 1997 முதல் தன் அகாடமி வழியாகக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் கொடுத்துவருகிறது. ரௌட்டிங் அடிப்படைகளை அது நன்றாகவே சொல்லித்தருகிறது. ஆனால் அந்த நிறுவனம் தரும் சிசிஎன்ஏ சான்றிதழின் ஆயுள் மூன்றாண்டுதான். கோபுரம் ஏறும் வேலையில் உயிராபத்தும் உண்டு: 2013-இல் மட்டும் தொலைத்தொடர்புக் கோபுரப் பணிகளில் 13 பேர் இறந்ததாக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையே கணக்குச் சொன்னது. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் கல்லூரி இதையும் பேசியாக வேண்டும்.

மேற்படிப்பிலோ வழி இன்னும் கரடுமுரடு. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் கண்டது. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

குறுகிய பயிற்சிகள் இருக்கட்டும். ஆனால் அந்த 144 மணி நேரம் அசோசியேட் பட்டத்தின் கணக்கில் சேருமா, அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் முழுதாக ஏற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.