மெல்ஃபின் தங்கைக்குப் பெயர் என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு கதை உண்டு. அந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மகன் லூக் அப்போது சிறுவன். அவனுடைய பாத்திரத் தாளில் பால் என்ற இடத்தில் ஆணைக் குறிக்கும் ‘எம்’, இனம் என்ற இடத்தில் ‘எல்ஃப்’. பெயருக்கான இடம் காலி. இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள்: மெல்ஃப். பெயர் கிடைத்துவிட்டது. பிறகு அந்த மெல்ஃபின் பெயரால் அமில அம்பு என்ற மந்திரம் விதிநூலில் ஏறியது. இன்றும் உலகத்தின் ஏதோ ஒரு மேசையில் யாரோ அதைச் சொல்லி எதிரியைச் சுடுகிறார்கள்.

அதே தாளை ஒரு சிறுமி அதே அசட்டையோடு நிரப்பியிருந்தால் ‘ஃபெல்ஃப்’ என்றொரு மந்திரவாதினி பிறந்திருப்பாள். பிறக்கவில்லை. வேடிக்கைக் கதைதான். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்தப் பிறக்காத தங்கைதான் நினைவுக்கு வருகிறாள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. பலகை வேண்டாம், காய்கள் வேண்டாம். தாள், பென்சில், இருபது முகப் பகடை போதும். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆக, பாத்திரம் என்பது ஒரு தாளும் ஒரு குரலும்தான். அந்தத் தாளின் முதல் வரி பெயர்.

அந்தப் பெயரை எழுதுவதற்கு முன்பே பெண்ணுக்கு வேறு பல பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன. 1974 நூலில் போர்வீரர் வகுப்பின் பெயரே ‘சண்டையிடும் ஆண்கள்’. பூசாரி வகுப்பில் வளர்ந்து வளர்ந்து எட்டும் உச்சிப் பட்டம் ‘பேட்ரியார்க்’, அதாவது குலத்தந்தை. 1976இல் ‘தி டிராகன்’ இதழின் மூன்றாவது வெளியீட்டில் லென் லகோஃப்கா என்பவர் பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் எழுதினார். ஆண்களுக்கு ஆளுமைக் கவர்ச்சி இருந்த இடத்தில் பெண்களுக்கு ‘அழகு’ என்ற மதிப்பெண். கூடவே ஆண்களை மயக்கும் மந்திரங்கள். பெண்களை விளையாட்டுக்குள் அழைத்துவரும் நல்லெண்ணத்தில் எழுதியதாம். 1978இல் வந்த விளையாடுவோர் கையேட்டில் மனிதப் பெண்ணின் வலிமைக்கு எல்லை போட்டார்கள். பதினெட்டு எடுத்த ஆண் போர்வீரன் அதற்குமேல் நூறு வரை போகலாம், பெண் ஐம்பதோடு நிற்க வேண்டும். நெருப்பு உமிழும் டிராகனை நம்பியவர்களால் ஐம்பத்தொன்று எடுத்த பெண்ணை நம்ப முடியவில்லை. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் அந்த எல்லை போனது.

இவற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது கைகாக்ஸ் வீட்டுக்குள்ளேயே நடந்த இன்னொரு விஷயம். விளையாட்டை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தவர்கள் அவருடைய இரு பிள்ளைகள், மகன் எர்னியும் மகள் எலீஸும். எர்னி தன் பெயரான எர்னஸ்டின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘டென்ஸர்’ என்ற மந்திரவாதியானான். எலீஸ் ‘அலிஸ்ஸா’ என்ற பூசாரிப் பெண்ணானாள். டென்ஸர் பெயரில் மிதக்கும் தட்டு என்ற மந்திரம் வந்தது. வீட்டுக்கு வந்துபோன நண்பர்களுக்கும் இடம் கிடைத்தது. ஜிம் வார்டு என்பவரின் பெயரைத் திருப்பிப் படித்தால் ‘டிராமிஜ்’, அவர் பேரிலும் ஒரு மந்திரம் உண்டு. அலிஸ்ஸா என்ற பெயரும் மறைந்துவிடவில்லை. கைகாக்ஸ் உருவாக்கிய கிரேஹாக் உலகின் வரைபடத்தில் அது இருக்கிறது, ஒரு நாட்டின் பெயராக.

நாட்டுக்குப் பெயர் வைப்பது சின்ன கௌரவமா என்று கேட்கலாம். விளையாடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மந்திரத்தின் பெயர் வாயில் புழங்கும், அதைச் சொன்னால்தான் காரியம் நடக்கும். நாட்டின் பெயர் தாளில் கிடக்கும். அதன் மேல் நடப்பார்கள், அதற்காகச் சண்டை போடுவார்கள், பிடித்துக்கொள்வார்கள். நதிக்கும் மண்ணுக்கும் பெண் பெயரைச் சூட்டிவிட்டு வீட்டுப் பெண்ணைப் பெயர் சொல்லாமல் ‘ஏய்’ என்று கூப்பிடும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது விளங்காமல் போகாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். டாஷா என்ற சிறுமி கிரேயானால் கைகாக்ஸுக்குக் கடிதங்கள் எழுதினாள். அவர் அவள் பெயரில் ஒரு மந்திரம் வைத்தார். எதிரி அடக்க முடியாமல் சிரித்துத் தரையில் உருள வேண்டும், அதுதான் மந்திரம். 2020இல் டாஷா பெயரில் ஒரு முழு விதிநூலே வந்தது. பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று சொல்லும் மொழியில் இந்த மந்திரத்தை உச்சரிப்பது தனிச் சுகம்.

அடுத்து, பெயர்ப் பட்டியல்கள். பெயர் தோன்றாதவர்களுக்கு உதவ 2014 கையேடு ஒவ்வோர் இனத்துக்கும் ஆண் பெயர்கள், பெண் பெயர்கள் என்று பிரித்துத் தருகிறது. எல்ஃப் பெண்களின் பெயர்களில் பல ‘ஆ’வில் முடிந்து கொஞ்சுகின்றன. ட்வார்ஃப் எனப்படும் சுரங்கக் குள்ளர்களின் கதை வேறு. அவர்களுடைய பெயர் மரபு பழைய நார்ஸ் மொழிக் கவிதை ஒன்றின் பட்டியலிலிருந்து டோல்கீன் வழியாக வந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவை ஆண் பெயர்கள். டோல்கீன் எழுதியவற்றில் பெயர் சொல்லப்பட்ட ட்வார்ஃப் பெண் ஒரே ஒருத்திதான்: தோரினின் தங்கை டீஸ். நார்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்கே பெண், பெண் தெய்வம் என்றுதான் பொருள். ஓர் இனத்துக்கே கிடைத்த ஒரே பெண் பெயர் ‘பெண்’. மெல்ஃபின் தங்கை வேறு உடையில் வந்து நிற்கிறாள். ஆகவே ட்வார்ஃப் பெண்களுக்கான வரிசையைப் பின்னால் வந்தவர்கள்தான் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லாத பாட்டிகளை உண்டாக்குவது நல்ல வேலை.

2017இல் வந்த ‘ஸனாதரின் கையேடு’ மனிதப் பெயர்களுக்கும் நீண்ட பட்டியல்கள் தந்தது. பிரெஞ்சுக்குத் தனி, ஜெர்மனுக்குத் தனி, இந்தியாவுக்கு மொத்தமாக ஒன்று. பகடையை உருட்டி அதிலிருந்து பெயர் எடுத்தால் சாதியும் மொழியும் ஊரும் கழன்று விழுந்த ஒரு பெண் கிடைப்பாள். சில நாட்களில் எனக்கு அது விடுதலையாகவும் படுகிறது. நம் ஊரில் பெயரைச் சொன்னதும் ‘எந்தத் தெரு’ என்று கேட்பார்களே.

எங்கள் குழுவில் ஐந்து பெண்கள், பெரும்பாலும் மாணவிகள். தமிழில் ஆடுகிறோம். தமிழில் ஆடும்போது ஆங்கில நூல் சொல்லாத ஒரு சிக்கல் வரும். ‘நான் வெட்டினேன்’ என்று ஆடுகிறவள் சொல்லும்போது அதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை. டன்ஜன் மாஸ்டர் அதை எடுத்துச் சொல்லும்போது ‘வெட்டினான்’ அல்லது ‘வெட்டினாள்’ என்றாக வேண்டும். ஒருத்தி தன் வாள்வீராங்கனைக்கு ‘கதிர்’ என்று பெயர் வைத்திருந்தாள். கதை நடத்தியவள் நான். “கதிர் வாளை உருவினான்” என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல் “உருவினாள்” என்றாள். இத்தனை கட்டுரைகள் எழுதிய பிறகும் என் வினைமுற்று அப்படித்தான் போய் முடிந்தது. மரியாதை ‘ர்’ பற்றிக் கேட்கவே வேண்டாம். அரசன் முதல் வரியிலேயே ‘வந்தார்’. கதிர் ஒன்பதாம் நிலைக்கு வந்த பிறகும் சத்திரக்காரருக்கு ‘இந்தாம்மா’தான்.

அதே 2014 கையேட்டில் ஒரு செய்தி உண்டு. ட்வார்ஃபின் குலப்பெயர் அவருக்குச் சொந்தமில்லை, குலத்துக்குச் சொந்தம். குலத்துக்கு அவமானம் தேடித் தந்தால் பறித்துக்கொள்வார்கள். இதை வாசித்துக் காட்டியபோது மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். “இன்ஷியல்!” என்றாள் ஒருத்தி. கல்யாணமாகி வங்கிக் கணக்கில் அப்பாவின் எழுத்தை எடுத்துக் கணவரின் எழுத்தைப் போட்ட கையோடு வந்திருந்தவள் அவள்.

கொம்பும் வாலும் கொண்ட டீஃப்லிங் இனத்தில் மட்டும் வேறொரு வழக்கம். ஊர் சந்தேகத்தோடு பார்க்கும் அந்த இனத்து இளையவர்களில் சிலர் புகழ், அச்சம், நம்பிக்கையின்மை என்று ஏதாவதொரு சொல்லைத் தாங்களாகவே பெயராக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவின் டீஃப்லிங் தாளில் எழுதிய சொல், ‘போதும்’.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்கு வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைத்த வீடுகள் நம் எல்லாருடைய ஊரிலும் உண்டு. அவளுடைய பெரியம்மாவின் பெயர் போதும்பொண்ணு என்பது பிறகு தேநீர் குடிக்கும்போது தெரிந்தது. பெரியம்மாவை ரேஷன் கடையில் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதும் வரிசையில் யாராவது சிரிப்பார்களாம். “பொண்ணை மட்டும் எடுத்துட்டேன்கா” என்றாள். “கேக்கிறவனுக்கு நான் பேர் சொல்றேனா, நிறுத்துன்னு சொல்றேனான்னு புரியக் கூடாது.”

அன்றைய ஆட்டத்தில் பாலத்தை மறித்து நின்ற கொள்ளைக்காரன் நான்தான். “யாரடி நீ?” என்றேன்.

“போதும்” என்று சொல்லிப் பகடையை உருட்டினாள். நான்கு விழுந்தது, அடி படவில்லை. கொள்ளைக்காரன் மறுபடி யாரென்று கேட்டான். மறுபடி சொன்னாள்.