மூன்றாவது சில்வர் ஓக்

காலை 9.40-க்கு மூன்றாவது சில்வர் ஓக்கின் நிழல் பேனலின் இடது ஓரத்தைத் தொட்டது. பெட்டியின் திரையில் 71 என்று நின்றிருந்த எண் 33-க்கு விழுந்தது. எழுந்துபோய்ப் பேனலை இழுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது காபி ஆறியிருந்தது. 10.15-க்கு நாலாவது மரம். மறுபடி எழுந்தேன்.

"நீங்க கேம்பிங் வந்தீங்களா, ஆடு மேய்க்க வந்தீங்களா?" என்றாள் மனைவி.

கொல்லிமலையில் நண்பர் ஒருவரின் மிளகுத் தோட்டம். பிப்ரவரி மாதம், மூன்று இரவு, நாலு பேர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, இப்படி ஒரு பலகையைக் காவல் காத்துக்கொண்டிருப்பேன் என்று செப்டம்பரில் இதை வாங்கியபோது நினைக்கவில்லை.

பொருள் இதுதான்: நாலாக மடியும் 100 வாட் சோலார் பேனல், 512 வாட் அவர் கொள்ளளவுள்ள பவர் ஸ்டேஷன், உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இரண்டும் சேர்ந்து ஒரு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் விலை. எத்தனை யுஎஸ்பி துளை, எத்தனை வாட் இன்வெர்ட்டர் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. இந்த அளவில் எல்லாக் கம்பெனிப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே சமையல்தான். பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போகும் குறை எந்தப் பெயர் ஒட்டிய பேனலுக்கும் உண்டு.

ஆனால் அந்த அட்டைப்பெட்டிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பைன் மரக்காடு, ஏரிக்கரை, மஞ்சள் கூடாரம், பக்கத்தில் ஒயிலாகச் சாய்த்து வைத்த பேனல், சிரிக்கும் குடும்பம். வாங்கியபோது மயங்கியது அந்தப் படத்தில்தான். ஐந்து மாதம் கழித்து அதே படத்தைப் பார்க்கிறேன். பேனல் மேல் கிளைகளின் நிழல் கோலம் போட்டிருக்கிறது. அதில் 10 வாட் வந்தால் அதிகம். குடும்பம் எதற்குச் சிரிக்கிறதோ தெரியவில்லை.

நிழலில் என்ன நடக்கிறது என்று யாரும் வாங்கும்போது சொல்வதில்லை. பேனலில் கால்வாசி நிழல் விழுந்தால் கால்வாசி மின்சாரம் குறையும், அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. சிலிக்கான் செல் ஒவ்வொன்றும் அரை வோல்ட் அளவுதான் தரும். அதனால் முப்பது, நாற்பது செல்களை வரிசையாகக் கோத்துத்தான் பேனலாக்குகிறார்கள். வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகுமே, அந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் களைத்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தும் சட்டி நகராது. இதற்காகப் பைபாஸ் டையோடு என்று ஒன்றை வைக்கிறார்கள். உட்கார்ந்தவரோடு சேர்த்து அந்தப் பாதி வரிசையையே விட்டுவிட்டு மீதிப் பாதியை மட்டும் வேலை வாங்குகிற ஏற்பாடு அது. ஓரடி அகல மர நிழலுக்கு 71 வாட் 33 ஆன கணக்கு இதுதான். இன்னொரு கூத்தும் உண்டு. நிழல் விலகிய பிறகும் சில சமயம் எண் 33-லேயே குந்திக்கொள்ளும். பெட்டி தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறது போல. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் தெளிந்து 70-க்கு வந்துவிடும்.

கூடாரம் போட நல்ல இடம் எது? மரத்தடி. பேனல் போடக் கூடாத இடம் எது? அதுவும் அதேதான். இந்த ஒரு சண்டையில்தான் என் ஐந்து மாதமும் போனது.

முதல் மாதம் இந்தச் சண்டை தெரியாது, ஏனென்றால் சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் மரமில்லை. அங்கே வேறு பாடம். 100 வாட் என்பது தொழிற்சாலையில் செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி பாய்ச்சி எடுத்த எண். செப்டம்பர் உச்சி வெயிலில் செல்லின் சூடு 60-ஐத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை கழித்துக்கொண்டே வரவேண்டும். 75, 78 வந்தாலே பேனல் யோக்கியமானது என்று ஒப்புக்கொள்ளலாம்.

பின்னால் தைத்திருக்கும் முட்டுக்காலும் ஏமாற்றியது. சுமார் 45 டிகிரியில் நிற்கிறது. சூரியன் தெற்கே தாழ்ந்தே திரியும் ஊர்க்காரர்களுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் இரண்டாம் பாதியிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும். செப்டம்பர் முதல் வாரத்திலும் அதிகம் சரிந்திருக்காது. முட்டுக்கால் கொடுத்தால் 60 வாட், தரையில் படுக்கப்போட்டால் 74. ஆனால் தளத்தின் சூடு அடியிலிருந்து வறுக்கிறது. கடைசியில் அப்பாவின் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து அதன்மேல் விரித்தேன். கீழே காற்று ஓடியதும் 78 ஆனது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இந்தப் பொருளுக்கு இதுவரை நான் கண்ட சிறந்த துணைக்கருவி அந்தக் கட்டில்தான்.

பெட்டியை ஏன் அடியில் தள்ள வேண்டும் என்றால், பேனலுக்கு வெயில் வேண்டும், பெட்டிக்கு நிழல் வேண்டும். இந்த வகை பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. முதல் நாள் வெயிலில் பக்கத்திலேயே வைத்தேன். பதினொன்றரைக்கு விசிறி அலறியது; பிறகு திரையில் தெர்மாமீட்டர் படம் வந்தது; பிறகு சுழி. நல்ல வெயிலில், முழுப் பேனலும் விரிந்து கிடக்க, ஒரு வாட்கூட ஏறவில்லை. இதெல்லாம் தெரிந்த கம்பெனி கூடவே என்ன நீளத்துக்குக் கேபிள் கொடுத்திருக்கிறது தெரியுமா? ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டருக்குள் வெயிலும் நிழலும் பக்கத்துப் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? பெட்டிக்குப் போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், தோள்வார் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டிக்கர் கூடக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று மீட்டர் வயர் கொடுக்க மனம் வரவில்லை.

பொங்கல் விடுமுறையில் மணப்பாடு போனபோது இதற்கு ஒரு தற்காலிக வழி கிடைத்தது. பட்டப்பொட்டல் கடற்கரை, மரமே இல்லை. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருந்ததால் முட்டுக்கால் முதல்முறையாக உருப்படியாக உதவியது. சாய்ந்து நின்ற பேனலுக்குப் பின்னால், அதன் நிழலிலேயே, பெட்டி பூனைக்குட்டி மாதிரி ஒண்டிக்கொண்டது. அரை மணி நேரம் பெருமைப்பட்டேன். அப்புறம் ஒரு காற்று அடித்தது பாருங்கள், பேனல் பாய்மரமாகிப் புரண்டு பெட்டியையும் மணலில் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பையில் மணலை நிரப்பிக் காலில் கட்டினேன். உடையவில்லை, அதைச் சொல்ல வேண்டும். துணி உறைத் தையல்கூடப் பிரியவில்லை.

ஊர் திரும்பியதும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர் பேனல் வாட்டைக் கேட்டார், தூரத்தைக் கேட்டார். "ஒரு ஸ்கொயர் போட்டீங்கன்னா வோல்டேஜ் வழியிலயே காணாமப் போயிடும் சார். நாலு ஸ்கொயர் போடுங்க." கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. 5 ஆம்பியருக்குப் பத்து மீட்டர் தூரம் மெல்லிய வயரை இழுத்தால், பேனல் தரும் 18 வோல்ட்டில் இரண்டு வோல்ட் வயரிலேயே கரையும். 4 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்தான். இரண்டு முனையிலும் எம்.சி.4 இணைப்பு அடித்துக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் பேனலோடு சேர்த்து இந்த வயருக்கும் பணம் எடுத்து வையுங்கள். இது இல்லாமல் பேனல் பாதிப் பொருள்தான்.

இனி கொல்லிமலை. அங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அப்பா. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை அவருக்கு உண்டு. சிபேப் கருவி மாட்டாமல் படுக்கக் கூடாது. அதனாலேயே பத்து வருடமாகக் கூடாரப் பயணம் எதற்கும் வந்ததில்லை. இந்தப் பெட்டியை வாங்கியதே அவரை அழைத்துப்போகத்தான்.

அந்தக் கருவியின் ஈரப்பதமூட்டியையும் போட்டால் இரவுக்கு 360 வாட் அவர் குடிக்கிறது, அணைத்தால் 120. "வெளியில பனி கொட்டுது, எனக்கு எதுக்குடா தனியா ஈரம்?" என்று அப்பாவே அணைத்துவிட்டார். அடுத்தது, அதைச் சாதாரண ஏ.சி. பிளக்கில் செருகக் கூடாது. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே மணிக்கு 10 வாட் அவர் தின்னும். எட்டு மணி நேரத்துக்கு 80. கார் சார்ஜர் மாதிரியான 12 வோல்ட் துளைக்கு என்று தனி வயர் விற்கிறார்கள், அதில்தான் ஓட்டினோம். இது தெரியாத என் மச்சான் எல்லாரும் தூங்கிய பிறகு ஏ.சி. பொத்தானை அமுக்கிப் போன் சார்ஜ் போட்டு, காலையில் அதே துளையில் கெட்டிலையும் செருகினார். பெட்டி வீறிட்டுவிட்டு அணைந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கவே கிட்டத்தட்ட 93 வாட் அவர் வேண்டும் மாப்பிள்ளை, கேஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது என்றேன். டீ குடிக்கும்வரை பேசவில்லை.

அப்பாவின் கருவியோடு விளக்கு, போன்கள், கேமரா எல்லாம் சேர்த்து இரவுக்கு 230. பெட்டியிலிருந்து உண்மையில் கைக்கு வருவது 450. ஆக, கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் இரண்டு இரவுக்குப் பேனலே தேவையில்லை, வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால் போதும். சனி ஞாயிறு மட்டும் போகிறவர்கள் பேனல் காசை மிச்சம் பிடிக்கலாம். எங்களுக்கு மூன்றாவது இரவு இருந்தது. அதற்குத்தான் மரங்களோடு மல்லுக்கட்டினேன்.

மிளகுக் கொடி ஏற்றுவதற்காக நட்டவை அந்த சில்வர் ஓக்குகள். ஒல்லியாக, நேராக, ஐந்தாறு அடிக்கு ஒன்று. ஒவ்வொரு நிழலும் கடிகார முள் மாதிரி மேற்கிலிருந்து வடக்காகச் சுற்றிக் கிழக்கே போகும். முதலில் நிழல் வர வர முன்னால் ஓடினேன். அது துரத்திக்கொண்டே வந்தது. பிறகுதான் புத்தி வந்தது. நிழலுக்கு முன்னால் ஓடக் கூடாது, அதைத் தாண்டி அது கடந்துவந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். அப்போதும் அடுத்த மரம் அரை மணியில் வந்துவிடும். முதல் நாள் முழுக்க உழைத்து ஏறியது 110 வாட் அவர். ஒரு நாள் போனால் இன்னும் ஒரு நாள்தான் மிச்சம் என்று இரவில் கணக்குப் போட்டுக்கொண்டே படுத்தேன். பக்கத்துக் கூடாரத்தில் அப்பாவின் கருவி சீராக இரைந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தமில்லை, புகையில்லை. அந்த நிமிடம் அட்டைப்பெட்டிப் படத்தைக்கூட மன்னிக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை, மூன்றாவது மரத்துக்கும் நாலாவதுக்கும் நடுவே நான் பலகையோடு நடப்பதைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா அவரோடு ஏற்கெனவே சிநேகமாகியிருந்தார்.

"தம்பி எதுக்கு அதைத் தூக்கிக்கிட்டே திரியிறாரு?"

"அதுக்கு வெயில் வேணுமாம்."

"வெயில் வேணும்னா மிளகு காயிற களத்துல கொண்டுபோய்ப் போட வேண்டியதுதானே? ஏழரைக்கு வர்ற வெயில் நாலு மணி வரைக்கும் அங்க போகாது."

முந்தின நாளே அந்தக் களத்தைக் கடந்துதான் குளிக்கப் போனேன். சிமெண்டுத் தளம், சுற்றிலும் மரம் வெட்டி விட்டிருக்கிறார்கள், ஓரத்தில் சாக்கு அடுக்கிய கொட்டகை. நாள் முழுக்க வெயில் விழும் இடத்தைத் தேடிப் பிடித்துத்தானே யாரோ களம் கட்டியிருப்பார்கள்! நான் கைப்பேசியில் சூரியன் போகும் பாதையைக் காட்டும் செயலியைத் தரவிறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெற்கு ஓரத்தில் பேனலை நிறுத்தினேன். ரிச்சி ஸ்ட்ரீட் வயர் நேராகக் கொட்டகைக்குள் போனது. சாக்குக்குப் பக்கத்தில் பெட்டி குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டது. 72, 76, உச்சியில் 81. எழுந்திருக்கவே இல்லை நான். மூன்று மணிக்குத் திரையைப் பார்த்தபோது அன்றைய வரவு 390. அப்பாவுக்கு இரவு ஈரப்பதமூட்டியையே போட்டுவிடலாம்.

அந்த அம்மா காலால் மிளகைக் கிளறிவிட்டபடி வரிசை வரிசையாக என் பக்கம் வந்துகொண்டிருந்தார். பேனலுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"தம்பி, உங்க பலகை நிழல் மிளகு மேல விழுது. கொஞ்சம் நகத்திப் போடுங்க."