காற்றை மறந்த கோபுரம்

போருக்கு முன் ஐரோப்பாவில் தோன்றிய புதுமைக் கட்டடக்கலை, 1945க்குப் பின் உலகெங்கும் பரவிற்று. அணிவேலைகளைக் களைந்து, காங்கிரீட்டும் கண்ணாடியும் கொண்டு பயன் கருதிக் கட்டுவதே அதன் கொள்கை. வெப்பநாடுகளை அடைந்தபோது அக்கொள்கையே வந்ததா, அதன் தோற்றம் மட்டும் வந்ததா என்பதே ஆராயத்தக்கது.

சண்டிகரில் பணிபுரிந்த மாக்ஸ்வெல் ஃபிரையும் ஜேன் ட்ரூவும் 1956இல் வெளியிட்ட நூலில், ஈரவெப்ப நாட்டுக் கட்டடத்துக்கு நிழலும் காற்றோட்டமும் இன்றியமையாதன என வற்புறுத்தினர். தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. வேனிலில் தென்றல் தரும் சாளரங்கள் கூதிர்க்காலத்தில் அடைபட்டுக் கிடந்ததை நெடுநல்வாடை கூறுகிறது. பருவம் அறிந்து கட்டுவது பழைய அறிவே.

பினாங்கில் பிறந்த லிம் சோங் கியாட் இவ்வறிவை நன்குணர்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் வகுத்த சிங்கப்பூர் மாநாட்டு மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. வெளியே நீண்ட கூரை வெயிலையும் மழையையும் தடுத்தது. திறந்த மாடங்களில் காற்று உலவியது. பாய் முடைவின் கோலங்கள் சுவரை அணிசெய்தன. புதுமை இங்கே ஊர்மயமாயிற்று.

அவரே ஜார்ஜ் டவுனில் எழுப்பிய கொம்தார் வேறு வகையினது. 1974இல் தொடங்கி 1986இல் முடிந்த அந்த 65 மாடிக் கோபுரத்துக்காகக் கடைவீடுகள் நிறைந்த தெருக்கள் அழிந்தன. அவற்றோடு, வழிப்போக்கர்க்கு நிழல் தந்த அஞ்சடிகளும், வீட்டினுள் காற்றிழுத்த முற்றங்களும் மறைந்தன. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடம் போற்றத்தக்கதே. ஆயினும் கோபுரம் குளிரூட்டும் பொறியை நம்பியே வாழ்கிறது.

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரத்தில் தொடங்கிய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அடைத்த அறைகள் வேண்டியிருந்தன. நுண்பொருளில் தூசு படியலாகாது. அலுவலகத்துக்கு அத்தகைய தேவை இல்லை.

உயர்ந்த மாடியில் காற்றுக்கு வழிவிடல் இயலாது என்பர் சிலர். பினாங்கில் பிறந்த மற்றொருவரான கென் யாங், 1992இல் சுபாங்கில் முடித்த 15 மாடி மெசினியாகா கட்டடம் அதற்கு விடை. அங்கே மாடிதோறும் பசுமை ஏறிச் செல்கிறது. படிக்கட்டுகளும் மின்தூக்கி முகப்புகளும் இயற்கைக் காற்றைப் பெறுகின்றன. 15 மாடியில் கூடியது 65 மாடியில் அரிது எனின், அத்துணை உயரம் ஏன் என்ற வினா எஞ்சுகிறது.

கடைவீடுகளைக் காக்கும் ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பாயான் லெப்பாஸில் இனி எழும் குடியிருப்புகளையும் மாடிக் கணக்கால் அளப்பதினும், நண்பகலில் சாளரத்தைத் திறந்தால் காற்று வருமா என்று கேட்டு மதிப்பிடுதலே முறையாகும்.